தீபம் பார்க்கவிட்டுப் பிடித்த அப்பாவுக்கு

அன்புள்ள அப்பா,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இருந்துவிட்டுப் போகட்டும். அன்பே இல்லையென்றால் இவ்வளவு கோபம் வராது.

போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தலில் நின்றுகொண்டு சித்தப்பா அதைத் தாராளமாகவே செய்துவிட்டார். நாட்டுக்கு உழைத்தவர், சொன்ன சொல் மாறாதவர், யாருக்கும் சிபாரிசு செய்யாதவர், யாரிடமும் கைநீட்டாதவர். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அம்மா மட்டும் ஆட்டவில்லை. சித்தப்பா விட்டுவிட்டதை நான் எழுதுகிறேன். ஊர் படிக்கட்டும்.

கடற்படையில் இருந்தவர் என்றால் பீரங்கி, புயல், சண்டை என்று மனிதர்கள் கற்பனை செய்துகொள்கிறார்கள். நீங்கள் பார்த்தது கடற்படைக்குள்ளேயே இருக்கிற போலீஸ் வேலை. லீவு முடிந்தும் கப்பலுக்குத் திரும்பாதவன், சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டியவன், இவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோய் ஒப்படைப்பது. அதில் நீங்கள் கெட்டிக்காரர். ஓய்வு பெற்று இந்த ஊருக்கு வந்து வீடு கட்டிய பிறகும் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு அந்தக் கதைகள்தான்.

“இன்னிக்கு நேத்து ஓடலடி. வெள்ளைக்காரன் பாய்மரக் கப்பல் ஓட்டின காலத்துலயே ஓடினாங்க” என்று ஆரம்பிப்பீர்கள். “துறைமுகத்துல நிக்கிறவனைப் புடிச்சி இழுத்துனு போய்க் கப்பல்ல ஏத்துவான். ஏத்தினவன் ஓடிடுவான்னு கரையில கால் வைக்கவே விட மாட்டான். சம்பளத்தை மாசக்கணக்குல குடுக்காம நிறுத்தி வெச்சுக்குவான். அப்பவும் ஓடினா, ஏட்டுல பேருக்கு நேரா ‘ஓடிட்டான்’னு ஒரு எழுத்து. அவ்ளோதான், சேர்ந்த சம்பளம் பூரா போச்சு. மாட்டினா சவுக்கடி. புடிச்சிக் குடுக்கிறவனுக்கு இனாம். எதுக்கும் மசியலன்னா, இந்தத் தேதிக்குள்ள திரும்பி வந்துட்டா மன்னிப்புனு அறிவிப்பு குடுப்பான்.”

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். “அதுக்கப்புறமும் ஓடினாங்களாப்பா?” என்று கேட்டேன்.

“ஓடினாங்க.”

“ஏன்?”

சாதத்தைப் பிசைந்த கை நின்றது. பாடத்தில் இல்லாததைக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. “ஏன்னு கேக்கறது நம்ம வேலை இல்ல. எங்கனு கேக்கறதுதான் நம்ம வேலை” என்றீர்கள்.

எங்கே என்பதற்கு உங்களிடம் எப்போதும் ஒரே பதில்தான் இருந்தது. ஓடியவன் எத்தனை ஊர் சுற்றினாலும் கடைசியில் அவன் அம்மாவிடம்தான் வருவான். அதனால் ஊர் ஊராக அலையக் கூடாது, அவன் வீட்டுப் பக்கம் போய்ப் பண்டிகைக்குக் காத்திருக்க வேண்டும். ஓணத்துக்கு மலையாளத்துப் பையன் வருவான், சட் பூஜைக்கு பீகார்ப் பையன் வருவான், பொங்கலுக்கு நம் ஊர்ப் பையன் வருவான். கூட்டத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைப்பான். அம்மா கையால் ஒருவேளை சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைப்பான். அங்கேதான் மாட்டுவான்.

ரசம் ஊற்றிக்கொண்டே அம்மா ஒருநாள் கேட்டாள். “அந்தம்மாங்க மனசு இன்னா பாடு படும்?”

“சட்டம்னு ஒண்ணு இருக்கு இல்ல? ஒருத்தன் ஓடினா அவன் டியூட்டியையும் சேர்த்து இன்னொருத்தன் பார்க்கணும். நடுக்கடல்ல ஆள் கம்மியா இருந்தா இன்னா ஆவும், தெரியுமா உனக்கு?”

அது நியாயம்தான் அப்பா. இப்போதும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மா கேட்டது அது இல்லை.

கதிருக்குக் கடற்படையில் சேர ஆசை இருந்ததா என்று நீங்கள் கேட்டதே கிடையாது. ஆளெடுப்புக்கு நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போனீர்கள், உடம்புத் தேர்வில் தேறியதும் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தீர்கள். என் தம்பிக்கு என்ஜின் என்றால் உயிர். சின்ன வயதில் வீட்டு மோட்டாரைப் பிரித்துப்போட்டு உங்களிடம் அடி வாங்கியவன். அந்த என்ஜினைக் கப்பலின் அடிவயிற்றில், ஜன்னல் இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்து, பக்கத்தில் அவனையும் அடைத்து வைப்பார்கள் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை.

போன் செய்வான். ஸ்பீக்கரில் போட்டு எல்லாரும் பேசுவோம். “மூச்சு முட்டுதுப்பா. கீழ இறங்கினாலே வாந்தி வருது” என்பான். பத்து நாளில் பழகிவிடும் என்பீர்கள். வருஷம் ஒன்று போனது, பழகவில்லை. கரையில் எங்காவது பட்டறையில் போடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். அங்கே மேலே இருந்த ஒருவர் உங்களுக்குப் பழக்கமானவர் என்று தெரிந்ததும், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினான். “சிபாரிசுன்ற வார்த்தையே என் வாயில வராது” என்றீர்கள். சித்தப்பா பந்தலில் புகழ்ந்தாரே, அந்த நேர்மை இதுதான்.

அடுத்த லீவு முடிந்து பையைத் தூக்கிக்கொண்டு காட்பாடிக்குப் பஸ் ஏறினான். கப்பலுக்குப் போய்ச் சேரவில்லை. சில வாரம் கழித்து நம் ஊர் ஸ்டேஷனுக்குத் தாக்கீது வந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்த போலீஸ்காரரை உட்காரவைத்துக் காபி கொடுத்தீர்கள். என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டி, அதிலிருந்து கதிரின் படத்தை உருவிக் கொடுத்து, “இதுல முகம் தெளிவா இருக்கு” என்றீர்கள். அந்த இடம் ஆல்பத்தில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

வாசல்வரை போய் வழியனுப்பியபோது அவரிடம் நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. “நீங்க அலைய வேணாம். நானே பார்த்துக்கறேன்.” ஏதோ பிள்ளையைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள் என்று நான் நினைத்தேன். எவ்வளவு வெகுளி பாருங்கள்.

கார்த்திகை வந்தது. அம்மாவைக் கூப்பிட்டு, “அவன் உன்கூடப் பேசறான்னு எனக்குத் தெரியும். தீபத்துக்கு வரச் சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றீர்கள். அம்மா அழுதுவிட்டாள். அன்று முழுக்க அவள் கால் தரையில் படவில்லை. பெங்களூரில் ஏதோ ஒர்க்‌ஷாப்பில் ஒளிந்துகொண்டிருந்தவனுக்குப் போன் போட்டு, “அப்பாவே கூப்பிட்டாருடா” என்று சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் வந்தான்.

தீபத்தன்று காலையில் இரண்டு பேர் வந்தார்கள். பழைய சிநேகிதர்கள், தீபம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றீர்கள். அன்றைக்கு இந்த ஊரில் விருந்தாளி இல்லாத வீடு ஏது? யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அம்மா இலை போட்டுப் பரிமாறினாள். அதில் ஒருவர் ரசம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று இன்னொரு முறை கேட்டு வாங்கிக் குடித்தார். தன் பிள்ளையைப் பிடிக்க வந்தவருக்கு அவள் தன் கையால் ரசம் ஊற்றினாள். அம்மாவுக்கு நீங்கள் செய்ததில் எது பெரிய கொடுமை என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

ஊருக்கு வெளியே போட்டிருந்த தற்காலிக பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, கதிர் மத்தியானம் வந்துசேர்ந்தான். கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த இருவரையும் பார்த்தான். அவர்களுடைய கடற்படை முடிவெட்டைப் பார்த்தான். அப்புறம் உங்களைப் பார்த்தான். நீங்கள் சிரித்தீர்கள். “இன்னாடா இப்படி இளைச்சிட்ட?” என்று கேட்டீர்கள். அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அந்தச் சிரிப்பை நம்பிவிட்டான்.

சாயங்காலம் எல்லாரும் மொட்டை மாடிக்குப் போனோம். மலை உச்சியில் தீபம் எரிந்ததும் ஊரே ஒரே குரலில் அரோகரா என்றது. கதிர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற அந்த இருவரும் கும்பிட்டார்கள். அம்மா கைப்பிடிச் சுவரில் அகல்களை வரிசையாக ஏற்றிக்கொண்டு வந்தாள். நீங்கள் திரும்பி அவர்களைப் பார்த்து லேசாகத் தலையசைத்தீர்கள்.

“கதிரு, இவங்ககூடக் கிளம்புப்பா” என்றீர்கள். கடைக்கு அனுப்புகிற குரல்.

எண்ணெய்க் கிண்ணத்தோடு அம்மா நிமிர்ந்தாள். “எங்கங்க போறான்? இன்னும் பொரி உருண்டைகூட வாயில வைக்கலையே.”

கதிர் ஓடவில்லை. அம்மாவைப் பார்த்துவிட்டுப் படி இறங்கினான். தெருமுனையில் நம் ஊர்ப் போலீஸ்காரர் பைக்கோடு காத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அன்றிலிருந்து சாகிறவரை நீங்கள் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வாக்கியம் இருக்கிறது. எங்களிடம் சொன்னீர்கள், சித்தப்பாவிடம் சொன்னீர்கள், பௌர்ணமிக்குக் கூட கிரிவலம் வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னீர்கள். “தீபம் பார்க்க விட்டேன் இல்ல? வேற எவனா இருந்தா வாசல்லயே புடிச்சிருப்பான்.” அதை நீங்கள் கருணை என்று நினைத்தீர்கள். வாசலிலேயே பிடித்திருந்தால் எவ்வளவோ தேவலை அப்பா. அவனுக்கு ஒரு சாமியாவது மிச்சம் இருந்திருக்கும். அதற்குப் பிறகு அவன் மலையைப் பார்த்துக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

தண்டனை அனுபவித்தான். வேலையிலிருந்து நீக்கி வெளியே அனுப்பினார்கள். வீட்டுக்கு வரவில்லை. கீழ்பென்னாத்தூரில் ஒரு பட்டறையில் சேர்ந்தான். நெல் அறுக்கிற வண்டி, டிராக்டர், போர் மோட்டார், எது வந்தாலும் சரிசெய்கிறான். மேலே தகரக் கூரை, நாலு பக்கமும் திறந்த இடம். என்ஜின் மேல் அவனுக்கு வெறுப்பு வந்ததே இல்லை. ஏன் என்று யாராவது ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், கப்பலை விட்டு ஓடாமலே இது அவனுக்குக் கிடைத்திருக்கும்.

பஸ் ஏறினால் அரை மணி தூரம். அம்மா மாதத்தில் இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். எங்கே போய் வருகிறாள் என்று உங்களுக்குத் தெரியும். ஓடியவர்களை எல்லாம் துப்பறிந்தவருக்கு இது தெரியாதா? நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. அவனும் சரிசெய்த மோட்டார்களை ஏற்றிக்கொண்டு இந்த ஊருக்கு வருவான், நம் தெருவுக்கு மட்டும் வர மாட்டான்.

செங்கம் ரோட்டில் நான் வேலை பார்க்கிற விடுதிக்கு ஒருநாள் வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? எதிரே காவி கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். வடக்கே பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். பெண்டாட்டி பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் கிளம்பி இங்கே வந்துவிட்டவர். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அவரைக் கும்பிட்டீர்கள். “பெரிய ஆத்மா” என்றீர்கள்.

“இவரு லீவு எழுதிக் குடுத்துட்டு வந்தவராப்பா?” என்று கேட்டேன்.

அதன் பிறகு கொஞ்ச நாள் நீங்கள் என்னோடு பேசவில்லை. விடுதியில் பெயர் எழுதுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறவள் நான். எதையோ விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள்தான் இந்த ஊரில் பாதி. அவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறோம், காலில் விழுகிறோம். உங்கள் பிள்ளை விட்டுவந்தது ஒரு கப்பலை மட்டும்தான்.

பக்கவாதம் வந்து நீங்கள் படுத்தபோது எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது, பொய் சொல்வானேன். இடது பக்கம் வேலை செய்யவில்லை, பேச்சு மெதுவாகத்தான் வந்தது. ஒருநாள் சாயங்காலம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டீர்கள். “கதிருக்குப் போன் பண்ணு” என்றீர்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் சொன்னீர்கள்: “அம்மாவுக்கு ரொம்ப முடியலன்னு சொல்லு. வந்துடுவான்.”

அம்மா கஞ்சி டம்ளரோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

“உங்களுக்கு முடியலன்னு சொல்றேன். நீங்க பார்க்கணும்னு கேட்டீங்கன்னு சொல்றேன். சொல்லட்டுமா?” என்றேன்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். “அப்படிச் சொன்னா வர மாட்டான்.”

அது என்ன அப்பா? வீம்பா, பயமா? இத்தனை வருஷத்தில் உங்கள் குரலில் நான் கேட்டிராத ஒன்று அதில் இருந்தது. இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

உங்கள் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். “கதிரு, அப்பாவுக்கு முடியல. அம்மாவுக்கு முடியலன்னு சொல்லிக் கூப்பிடச் சொன்னாரு. அம்மா நல்லாத்தான் இருக்கா.”

அந்தப் பக்கம் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினான். “என்னைப் பார்க்கணும்னு அவரு சொன்னாராக்கா?”

போனை உங்கள் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். முனகியிருந்தால்கூட நான் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். போனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“இன்னும் சொல்லலடா” என்றேன்.

“சொன்னாருன்னா போன் பண்ணு. வண்டிய எடுத்துனு உடனே வந்துடறேன்.”

இதையும் நீங்கள் கேட்டீர்கள். அதற்குப் பிறகு நாலைந்து நாள் உயிரோடு இருந்தீர்கள். விடுதிக்குப் போகும்போதும் திரும்பி வரும்போதும், போன் போடட்டுமா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டீர்கள். ஒரு பொய் சொல்லியிருந்தால் பெற்றவர் பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார் என்று சித்தப்பா இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். நான் அழுதேன், நிறையவே அழுதேன். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லாததற்காக ஒரு சொட்டுக்கூட அழவில்லை.

நீங்கள் போன அன்று காலையில் என் கை ஓயவில்லை. அம்மாவைப் பிடித்துக்கொள்வதா, ஐஸ் பெட்டிக்குச் சொல்வதா, வந்தவர்களுக்கு நாற்காலி போடுவதா? கதிருக்குச் சொல்லிவிடுகிறேன் என்று சித்தப்பா போனை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து, “சொல்லிட்டேன். வர மாட்டான் போலக்குது” என்றார். கல்நெஞ்சன் என்று நானும் நினைத்துக்கொண்டேன். சாயங்காலம்வரை வைத்திருந்து பார்த்துவிட்டு உங்களை எடுத்துவிட்டார்கள். சித்தப்பா பையன்தான் கொள்ளி வைத்தான்.

ஆட்கள் குளித்துவிட்டுத் திரும்பிய பிறகு, திட்டுவதற்காகத்தான் கதிருக்குப் போன் செய்தேன். “ஏண்டா, கடைசியா முகத்தைப் பார்க்கக்கூடவா வரக் கூடாது?”

அவன் திருப்பிக் கேட்டான். “நெஜமாவே போயிட்டாராக்கா?”

“ஆமாண்டா” என்றேன்.

“சித்தப்பா சொன்னாரு. நான் நம்பல. அக்காவைப் பேசச் சொல்லுங்கன்னேன், என் வார்த்தைய நம்ப மாட்டியான்னு கோபப்பட்டு வெச்சிட்டாரு. உயிரோட இருக்கிறவரைப் பார்க்க வைக்கறதுக்குத்தான் இப்படிச் சொல்றாங்கன்னு நெனச்சேன். நானே உன்னைக் கூப்பிட்டுக் கேக்க பயமா இருந்துச்சி. நீ கூப்பிடுவேன்னு நாள் பூரா போனைக் கையிலயே வெச்சினு இருந்தேங்கா.” சொல்லிக்கொண்டே அழுதான். ஆண்பிள்ளை அழுவதை அப்படி நான் கேட்டதில்லை.

புரிகிறதா அப்பா? உங்கள் சாவைக்கூட அவன் பொறி என்று நினைத்தான். ஓடுகிறவனை நிறுத்துவதற்கு எவ்வளவோ வழி கண்டுபிடித்தார்கள் என்று கதை கதையாகச் சொன்னீர்களே, உங்கள் வழி அவற்றை எல்லாம் மிஞ்சிவிட்டது. நீங்கள் செத்துப்போன சேதியைச் சொல்லிக்கூட உங்கள் பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட முடியவில்லை.

மறுநாள் காலை பால் ஊற்றுவதற்காக ஆண்கள் எல்லாரும் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். அம்மாவும் நானும் மட்டும் வீட்டில் இருந்தோம். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. கதிர் இறங்கி வாசலுக்கு வந்தான். கேட்டைத் திறக்கவில்லை. அம்மா எழுந்து போனாள். புருஷனை எடுத்த மறுநாள் அவள் மகனைப் பார்த்துக் கதறப்போகிறாள் என்று நான் பின்னாலேயே ஓடினேன். அவள் அழவில்லை. கம்பி வழியாகக் கைவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முதல் வார்த்தையாக இதைச் சொன்னாள்:

“உள்ள யாரும் இல்லடா. வா.”

அவன் உள்ளே வந்தான். பதினாறாம் நாள்வரை இருந்து, அம்மா கேட்டதற்காக மொட்டை போட்டுக்கொண்டு, எல்லாம் செய்தான். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு சத்தியம் மட்டும் செய்கிறேன். இந்தக் கார்த்திகைக்கு அவனைக் கூப்பிடப்போகிறேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் கூப்பிடச் சொன்னது, எதற்குக் கூப்பிடுகிறோம், எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லித்தான் கூப்பிடுவேன். வர இஷ்டமில்லை என்றால் ஏன் என்று கேட்பேன், அவன் சொல்லி முடிக்கிறவரை கேட்பேன். அதற்குப் பிறகும் வராவிட்டால் விட்டுவிடுவேன்.

கதிருக்கு அக்கா, அதனால் உங்களுக்கும் மகள்,
பூங்கோதை